நான்கு கறுப்புத் தாள்கள்

ஜனவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

ஆறு வாரமாக உன்னைப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை மாப்பிள்ளை எடுத்து, "அவ தூங்குறா" என்றார். அப்போது பகல் பதினொரு மணி. நீ பகலில் தூங்குகிறவள் அல்ல. அதனால் எழுதுகிறேன்.

கண் எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்தால் கொஞ்சம் தெளியலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வடிந்ததா? சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுகிறாயா? இதையெல்லாம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

விசாரணைக் குழு என் அறிக்கையின் நகலை உனக்கு அனுப்பியிருக்கும். நீ போனை எடுக்காததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "பார்வையாளர் வடிகட்டித் தாள்களை விலக்கிவிட்டுத்தான் பார்த்திருக்க வேண்டும்." அந்த வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

என் நிலையை நீ புரிந்துகொள்ள வேண்டும். அந்த இருட்டுப் பெட்டியைக் கல்லூரிக் கண்காட்சிக்காக நான் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தேன். லேசர் ஒளியை நான்கு கறுப்பு வடிகட்டித் தாள்களால் மங்கலாக்கி, மங்கலாக்கி, கடைசியில் ஒளித்துகள்கள் ஒவ்வொன்றாக மட்டுமே வரும் அளவுக்குக் கொண்டுவந்து, வெறும் கண்ணுக்குக் காட்டுவதுதான் திட்டம். அதை முதலில் பார்த்தது நீ. அன்று சாயங்காலம் உன் வலது கண்ணின் விழித்திரை நடுவில் தீக்காயம் என்றார் மருத்துவர். நான்கு வடிகட்டித் தாள்களைத் தாண்டி வரும் ஒளியால் ஓர் எறும்பின் கண்ணைக்கூடச் சுட முடியாது. அப்படியென்றால் நீ பார்த்தபோது தாள்கள் அங்கே இருந்திருக்க முடியாது. தெரியாமல் உன் கை பட்டிருக்கலாம். ஆர்வத்தில் விலக்கியிருக்கலாம். உன்னைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. வேறு வழி இருந்திருந்தால் அதை எழுதியிருப்பேன்.

கணக்கைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன். அது சரிதான்.

அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும், மன்னித்துக்கொள். வரி எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளைத் தாளில் தடித்த பேனாவால் எழுதுகிறேன். உன் கடிதத்தை இவர்தான் படித்துக் காட்டினார், லிப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிப்பதுபோல ஏற்ற இறக்கமே இல்லாமல். "கணக்கு சரிதான்" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "உங்க அக்கா இதை எத்தனை வாட்டிதான் சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. பயம். உன் குரலைக் கேட்டால் நீ சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் என் கணக்குக்கு நீ விடை சொல்வாய். அந்த விடை வருகிற மாதிரி நான் வழியை மாற்றி எழுதிக்கொள்வேன். நினைவிருக்கிறதா? உன் விடை ஒரு நாளும் தப்பாகவில்லை. அதனால் எழுது. எழுத்தை என்னால் எதிர்க்க முடியும். இருபது வருடமாக அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவள் நான்.

கண் பற்றிக் கேட்டாய். வலது கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பொட்டு. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே வந்து அது உட்கார்ந்துகொள்கிறது. சுவர்க் கடிகாரத்தில் எண்கள் தெரிகின்றன, முட்கள் தெரியவில்லை. இவரைப் பார்த்தால் காதும் சட்டையும் தெரிகின்றன, முகம் இல்லை. இடது கண் பிறந்ததிலிருந்தே மந்தம் என்பது உனக்குத் தெரியும். அதற்கு வேலை வரட்டும் என்று என் நல்ல கண்ணைத் துணியால் கட்டிவிட்டவளே நீதான். அதற்கு வேலை வரவே இல்லை. மருத்துவர் வீக்கம் வடிந்துவிட்டது என்கிறார். இனி மாறாதாம்.

நான் தாளை விலக்கவில்லை அக்கா.

நீ பக்கத்தில்தானே இருந்தாய். என் தோளில் கை வைத்திருந்தாய். "நல்ல கண்ணை வை" என்றாய். வைத்தேன். "ஒண்ணும் தெரியலக்கா" என்றேன். "பாரு, இன்னும் பாரு" என்றாய். பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது.

அந்தக் கணக்கை எனக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பு. நான் அதற்கு ப்ரூஃப் பார்க்கிறேன்.

சின்னவள்


ஜனவரி 28

அன்புள்ள சின்னவளுக்கு,

இனி மாறாது என்று மருத்துவர் சொன்னதை நான்கு தடவை படித்தேன். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தெரியாததால் நீ கேட்டதை எழுதுகிறேன்.

லேசர் பச்சை நிறம். அதன் சக்தி இரண்டு மில்லிவாட் என்று அதன் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கிறது. ஒளியின் நிறம் தெரிந்தால் ஒரு துகளின் ஆற்றல் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். மொத்தச் சக்தியை அந்த ஆற்றலால் வகுத்தால் ஒரு நொடிக்கு எத்தனை துகள்கள் புறப்படுகின்றன என்பது வரும். விடை, ஏறத்தாழ ஐயாயிரத்து முன்னூறு லட்சம் கோடி.

இனி தாள்கள். கறுப்பு ஜெலட்டின் தாள்கள், ஒவ்வொன்றின் அடர்த்தியும் மூன்று. அடர்த்தி மூன்று என்றால் ஆயிரத்தில் ஒன்றை மட்டும் விடும் என்று பொருள். ஒன்றின் பின் ஒன்றாக வைக்கும்போது அடர்த்திகளைக் கூட்டிக்கொள்ளலாம். நான்கு தாள்களுக்குப் பன்னிரண்டு. அதாவது லட்சம் கோடியில் ஒன்று. நம் மொழியில் இந்தக் கணக்கு ரொம்பச் சுலபம். மேலே எழுதிய எண்ணிலிருந்து "லட்சம் கோடி" என்ற இரண்டு சொற்களையும் அடித்துவிட வேண்டும். மீதி ஐயாயிரத்து முன்னூறு. உன் கண்ணுக்கு ஒரு நொடியில் வந்த துகள்கள் அவ்வளவுதான்.

ஒளி ஒரு நொடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். அந்தத் தூரத்தில் ஐயாயிரத்து முன்னூறு துகள்கள் என்றால், ஒரு துகளுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐம்பத்தாறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. பெட்டியின் நீளம் ஒரு மீட்டர். பெரும்பாலான நேரம் அந்தப் பெட்டி காலியாகவே இருக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தாறு என்பது சராசரி. எப்போதாவது இரண்டு துகள்கள் ஒட்டிக்கொண்டும் வரும். லேசரை எவ்வளவு மங்கலாக்கினாலும், இந்த நொடியில் ஒன்றுதான் வரும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இரண்டு வந்தாலும் இருபது வந்தாலும் கண் சுடாது. இருட்டில் பார்க்கிற நட்சத்திரத்திலிருந்து இதைவிட அதிகம் வருகிறது.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல என்று நீயே கேலி செய்வாய். யாராவது "நான் என் கண்ணால பார்த்தேன்" என்றால் உனக்குச் சிரிப்பு வரும், அடுத்து நான் என்ன சொல்வேன் என்று தெரிந்து. மனிதர்களின் நினைவு எப்படியெல்லாம் மாறும் என்பதை வருடாவருடம் ஆய்வகக் குறிப்பேடுகளில் பார்க்கிறேன். இருட்டில், புது இடத்தில், பரபரப்பில், கை எங்கே போனது என்பது யாருக்குத் திட்டமாகத் தெரியும்? உனக்குத் தெரியும் என்று நீ சொல்கிறாய். கணக்கு இல்லை என்கிறது. நான் என்ன செய்யட்டும்?

இதில் ஓட்டை இருந்தால் காட்டு. உண்மையிலேயே கேட்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கணக்கை இரண்டு சாயங்காலம் பார்த்தோம். இவர் சத்தமாகப் படிக்க, நான் மனதில் எழுதிக்கொண்டேன். பூஜ்யங்களை இவர் ஒரு தாளில் போட்டு நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. "லட்சம் கோடி"யை அடித்துவிடச் சொன்ன இடத்தில் எனக்கு உன்னை ரொம்பப் பிடித்தது. நீ என்னை மட்டும் நினைத்து எழுதிய வரி அது.

லிப்ட் பழுதுபார்க்கிறவர் அல்லவா, இவருக்கு ஒரு கேள்வி. அப்படியே எழுதுகிறேன்: "எல்லாம் சரி, மீட்டர் வச்சுப் பார்த்தாங்களா? லிப்ட்ல கரண்ட் கட் பண்ணியாச்சுன்னு கடவுளே வந்து சொன்னாலும் நான் டெஸ்டர் வச்சுட்டுத்தான் கை வைப்பேன்."

எனக்கும் ஒன்று இருக்கிறது. அன்று நீ தாள்களைப் பொருத்தும்போது அவை வந்த உறை மேஜையில் கிடந்தது. என் புத்தி உனக்குத் தெரியும், மருந்துச் சீட்டு, சோப்பு அட்டை எதையும் விடாமல் படிப்பேன். உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: இந்த அடர்த்தி 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஏழு மங்கி ஒன்றுபோல இருந்தது. கையில் பேனா இருந்திருந்தால் ஓரத்தில் ஒரு குறி போட்டிருப்பேன். நான் கடைசியாகப் படித்த பொடி எழுத்து அது என்பதால் மறக்கவில்லை. அந்த எண்கள் என்ன? எழுநூறுக்கு அப்பால் என்ன இருக்கிறது?

உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் ஓரமாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாய். "அந்தப் புள்ளியைத்தான் பார்க்கணும், மங்கின வெளிச்சம் கடைக்கண்ணுலதான் தெரியும், நேரா பார்த்தா தெரியாது" என்றாய். நான் புள்ளியைப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் நீ ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இல்லாமல் பாடுபட்டது எதற்காகவோ, அதை நேராகப் பார்க்க ஆசைப்பட்டேன். ஒன்றும் தெரியவில்லை. நீ இன்னும் பார் என்றாய், இன்னும் நேராகப் பார்த்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான். புள்ளியைப் பார்த்திருந்தால் ஓரத்தில் எங்காவது சுட்டிருக்கும், எழுத்தாவது மிஞ்சியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

அச்சகத்தில் என் மேஜையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். மேலாளர் வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் எந்தப் பக்கம் பார்த்துப் பேசுகிறேன் என்று தெரியாமல் பாவம், நாற்காலியை இரண்டு தடவை நகர்த்திப் போட்டார்.

சின்னவள்


பிப்ரவரி 15

சின்னவளுக்கு,

மாப்பிள்ளையின் கேள்விக்குப் பதில்: நொடிக்கு ஐயாயிரம் துகள்களைக் காட்டும் மீட்டர் எங்கள் கல்லூரியில் இல்லை. எங்கள் மீட்டர் மில்லிவாட்டைத்தான் அளக்கும். தாள்களுக்குப் பின்னால் வைத்தால் பூஜ்யம் காட்டும். பூஜ்யம் காட்டும் என்று தெரிந்த இடத்தில் யாரும் மீட்டரை வைப்பதில்லை. கணக்குப் போடுவதே அதற்காகத்தான்.

உன் கேள்விக்குப் பதில்: அந்த எண்கள் ஒளியின் அலைநீளம். நம் லேசரின் பச்சை 532. நானூறுக்கும் எழுநூறுக்கும் நடுவே பத்திரமாக இருக்கிறது. அங்கே தேடாதே.

சிவப்புப் புள்ளியைப் பார்க்கவில்லை என்பதை நீ இரண்டரை மாதம் கழித்துச் சொல்கிறாய். நான் தெளிவாகச் சொன்ன ஒன்றை நீ மீறியிருக்கிறாய், மறைத்தும் இருக்கிறாய். அப்படியென்றால் இன்னொன்றை மீறவில்லை என்பதை நான் எதை வைத்து ஏற்றுக்கொள்வது? கோபத்தில் கேட்கவில்லை.

மார்ச் 3-ம் தேதி விசாரணை. வடிகட்டி இருந்தும் காயம் என்று முடிவானால் இனி நான் எந்த ஆய்வகத்துக்குள்ளும் நுழைய முடியாது. இருபத்து மூன்று வருடம். உன் தரப்பை எழுத்தில் அனுப்பும்படி கேட்டிருப்பார்கள். நீ விரும்புவதை எழுது.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

கல்லூரிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நான்தான் விலக்கினேன் என்று.

உனக்காக எழுதினேன் என்று நினைத்துச் சங்கடப்படாதே. பாதி அப்படித்தான். மீதிப் பாதி வேறு. உன் கடைசிக் கடிதம் வந்தபிறகு நான் தினமும் அந்த அறைக்குள் போய்வந்தேன். கண்ணை மூடினால் அந்தப் பொட்டு தெரிவதில்லை, அதனால் மூடியபடியே இருந்தேன். பெட்டி, நாற்காலி, உன் கை, இருட்டு. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ என் கை மேலே போனது. விரலில் தாளின் விளிம்பு பட்டது, சில்லென்று. ஒரு தாளை மேலே இழுத்தேன். டக் என்று ஒரு சின்னச் சத்தம். இப்போது எத்தனை முறை போனாலும் கை போகிறது, சத்தம் கேட்கிறது.

உன் விடை ஒரு நாளும் தப்பானதில்லை.

எழுதியதை இவரிடம் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "இது பொய்" என்றார். "எனக்கு ஞாபகம் இருக்கு" என்றேன். "போன மாசம் இல்லாத ஞாபகம் இந்த மாசம் எங்கேருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அப்புறம் அவரே போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே. உன் கடிதத்தை உரக்கப் படிக்க அவருக்கும் கஷ்டமாக இருக்கிறது.

சின்னவள்


மார்ச் 11

அன்புள்ள சின்னவளுக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. மாப்பிள்ளை இதை நிறுத்தாமல் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் தேதி விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்தது. உன் கடிதத்தைத் தலைவர் வாசித்தார். வாசித்து மடித்து வைத்துவிட்டு, "உங்க தங்கச்சி பெரிய மனசுக்காரங்க" என்றார். என் மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். டீ வந்தது. நானும் குடித்தேன்.

வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போதுதான் அந்த வார்த்தை உறைத்தது. ஒரு தாள். நீ ஒரு தாளை இழுத்ததாக எழுதியிருந்தாய். ஒரு தாளை எடுத்தால் மீதி மூன்று இருக்கும். அடர்த்தி ஒன்பது. நொடிக்கு ஐம்பத்து மூன்று லட்சம் துகள்கள், விடியற்காலை வெள்ளியைப் பார்ப்பதுபோல இருக்கும். அதற்கும் கண் சுடாது. உன் ஒப்புதலை என் கணக்கே ஏற்கவில்லை. கணிதம் தெரிந்த மூன்று பேர் அந்த மேஜையில் இருந்தோம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை, நிம்மதியாக இருந்ததால்.

கண் சுட வேண்டுமென்றால் நான்கு தாள்களையும் எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? உன் முகத்தில் பச்சை வெளிச்சம் அடித்திருக்கும். பெட்டியின் விளிம்பு, உன் கன்னம், என் கை எல்லாம் பச்சையாகத் தெரிந்திருக்கும். அரை மணி நேரமாக இருட்டுக்குப் பழகிய கண்களோடு நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. அறை கடைசிவரை இருட்டாகவே இருந்தது.

அதை நான் முதல் நாளிலிருந்தே அறிவேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தது அது. அறிக்கை எழுதிய அந்த இரண்டு நாளும் அறிவேன். நினைவு மாறும், கணக்கு மாறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உன் சாட்சியையும் என் சாட்சியையும் சேர்த்தே தள்ளிவிட்டேன்.

நேராக ஆய்வகத்துக்குப் போனேன். பெட்டி அப்படியே இருந்தது, நான்கு தாள்களோடு. மாப்பிள்ளை சொன்னதைச் செய்தேன். தாள்களுக்குப் பின்னால் மீட்டரை வைத்தேன். விளக்கை அணைத்துவிட்டு லேசரைப் போட்டேன். நல்ல இருட்டு. மீட்டர் பத்தொன்பது காட்டியது. பத்தொன்பது மில்லிவாட். சீட்டில் எழுதியிருப்பது இரண்டு. நான்கு கறுப்புத் தாள்களையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாமல், பத்தொன்பது.

எழுநூறுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்டாய். அகச்சிவப்பு இருக்கிறது. இந்த வகைப் பச்சை லேசர் உள்ளே முதலில் அகச்சிவப்பைத்தான் உண்டாக்கும். இரண்டு அகச்சிவப்புத் துகள்கள் சேர்ந்தால் ஒரு பச்சைத் துகள். ஜோடி சேராமல் மிஞ்சியவற்றை நிறுத்த வாயிலில் ஒரு கண்ணாடி இருக்க வேண்டும். கடையில் வாங்கிய இந்த லேசரைப் பிரித்துப் பார்த்தேன், அந்தக் கண்ணாடி இல்லை. ஜெலட்டின் தாளுக்கோ அகச்சிவப்பு ஒரு பொருட்டே இல்லை, ஜன்னல்போல விட்டுவிடும். அதைத்தான் அந்தப் பொடி எழுத்து சொல்லியிருக்கிறது. பச்சையை நான் ஒற்றைத் துகள் வரை குறைத்தேன். அந்த மங்கலைப் பார்க்க உன் கண்மணி முழுதாக விரிந்திருந்தது. வெளிச்சம் தெரிந்திருந்தால் இமை மூடியிருக்கும். தெரியவில்லை, அதனால் மூடவில்லை. "இன்னும் பாரு" என்று நான் மூன்று முறை சொன்னேன். மூன்று. எண்ணிவிட்டேன்.

உறை இப்போது என் முன்னால் இருக்கிறது. ஏழு மங்கித்தான் இருக்கிறது.

நீ எதையும் விலக்கவில்லை. உன் கை மேலே போகவே இல்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. சின்ன வயதில் நீ என் விடைக்கேற்ப வழியை மாற்றி எழுதுவாய் என்றாய். இந்தத் தடவை நான் தப்பான விடையைக் கொடுத்தேன். நீ அதற்கும் வழி எழுதிவிட்டாய்.

குழுவுக்குப் புது அறிக்கை கொடுத்துவிட்டேன், மீட்டர் அளவுகளோடு. உன் கடிதத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுதியிருக்கிறேன். என்னைப் பணியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். அது நியாயம், அதைப் பற்றி நீ எழுத வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெட்டிக்குள் முதலில் நான் பார்த்திருக்க வேண்டும். செய்கிறவர்தான் முதலில் பார்ப்பார், அதுதான் வழக்கம். நம் வீட்டில் பொடி எழுத்தையும் விடாத கண் உனக்குத்தானே, முதலில் நீ பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஆசையாக இருந்தது. அதை எந்த அறிக்கையிலும் எழுத இடமில்லை.

மன்னிப்பைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. வரலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை இவர் நிறுத்தாமல்தான் படித்தார். மீட்டர் வந்த இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. படித்து முடித்ததும், "நான் அப்பவே சொன்னேன்" என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், எந்த விரல் அந்தத் தாளைத் தொட்டது என்று தேடுகிறவர்போல.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. உன் கடிதம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நான் செய்யவில்லை என்று நீ சொல்ல வேண்டும், அது ஒன்றுதானே எனக்கு வேண்டியிருந்தது. நீ சொல்லிவிட்டாய். காரணத்தோடு, எண்ணோடு, உன் வழக்கப்படி ஒரு ஓட்டை இல்லாமல். ஆனால் இன்றும் கண்ணை மூடினால் என் கை மேலே போகிறது அக்கா. தாள் சில்லென்று படுகிறது. டக் என்கிறது. பொய் என்று தெரிகிறது, நிற்கமாட்டேன் என்கிறது. அச்சகத்தில் சில சமயம் திருத்தம் வந்து சேர்வதற்குள் முழுப் புத்தகமும் அச்சாகிவிடும். திருத்தம் சரியாகத்தான் இருக்கும். அதை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியாது.

கண்ணை நான் மன்னித்து ரொம்ப நாளாகிறது. உனக்குத் தெரியாமல் நடந்தது அது. மற்றதை நீ தெரிந்தே செய்தாய். அறை இருட்டாக இருந்தது உனக்குத் தெரியும். அதை மன்னித்துவிட்டேனா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.

பணி போனதைப் பற்றி எழுதாதே என்றாய், எழுதவில்லை. ஆனால் அழுதேன். அது உனக்குத் தெரிய வேண்டும்.

இப்போது இடது கண்ணால் பெரிய எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறேன். நீ துணி கட்டிப் பழக்கப் பார்த்த அதே சோம்பேறிக் கண். நாற்பத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் படிக்க ஒரு காலைப்பொழுது ஆகிறது. அதற்குப் பிறகு தலைவலி. வலது கண்ணால் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதைப் பார்க்கக் கூடாது. அதற்குப் பக்கத்தில் எதையாவது பார்த்தால் ஓரத்தில் அது வந்து நிற்கும். நீ அன்று சொன்ன சிவப்புப் புள்ளி மாதிரிதான். இவர் முகத்தைப் பார்க்க அலமாரியைப் பார்க்கிறேன். "பொண்டாட்டி முப்பது நாளா அலமாரியத்தான் பார்த்துட்டிருக்கா" என்று இவர் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்.

வரலாமா என்று கேட்டாய். இந்த மாதம் வேண்டாம். அடுத்த மாதம் வா.

வாசலில் நான் வந்து நிற்பேன். உன்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கோபத்தாலும் அப்படிச் செய்வேன், உன் முகத்தைப் பார்ப்பதற்காகவும் அப்படித்தான் செய்வேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எது என்று கணக்குப் போட்டுப் பார்க்காதே. என்னைக் கேள். நான் சொல்வதை நம்பு.

சின்னவள்